மூன்று வருடமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. திரும்பி வர வழி உண்டா?

கடைசி_வரிசை | 9 மார்ச் 2025, இரவு 11.42

நான்கு வருடமாக இங்கே வாசிக்கிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

இன்று லெந்து காலத்தின், அதாவது உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய தவ நாட்களின், முதல் ஞாயிறு. பிரசங்கம் முடிந்ததும் நான் வழக்கம்போல் எழுந்து வெளியே வந்து, வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடுகிறவன்போல் நின்றுகொண்டேன். உள்ளே எல்லோரும் திருவிருந்துக்கு, அப்பமும் ரசமும் வாங்க, வரிசையில் போனார்கள். மூன்று வருடமாக இப்படித்தான் செய்கிறேன். வயிறு சரியில்லை என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி, இப்போது அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கிராமச் சபை. என் தகப்பனார் உபதேசியாராக, குருவானவருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் ஊழியராக, இருந்தவர். நான் பதினொரு வருடம் ஞாயிறு பள்ளியில் கற்பித்தேன். கடைசி நான்கு வருடம் வாலிபர் சங்கத்தின் பொருளாளர். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் எங்கள் ஊர் ஸ்தோத்திரப் பண்டிகையை அறிந்தவர்களுக்கு ஏலத்தைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாழைத்தார், பூசணிக்காய், சேவல், வீட்டில் சுட்ட முறுக்கு என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஒரு முட்டையை முந்நூறு ரூபாய்க்குக் கேட்பார்கள். பணத்தைப் பலர் அன்றே தருவதில்லை. அறுவடை முடிந்து, வெளியூர்ப் பிள்ளைகள் பணம் அனுப்பியபின் தருவார்கள். வாங்கி எழுதி வைப்பது என் வேலை.

2021-இல் எனக்கு வேலை போயிற்று. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம் அது. சங்கத்துத் தகரப் பெட்டி என் வீட்டுப் பீரோவில் இருந்தது. முதலில் 4,000 எடுத்தேன், அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்றுதான். அடுத்த மாதமும் எடுத்தேன். இப்படி எடுத்தது மொத்தம் 38,500 ரூபாய். 2022 தொடக்கத்தில் பொறுப்பை ஒப்படைத்தபோது, எனக்குப் பணம் தந்துவிட்ட சிலரின் பெயருக்கு எதிரே 'நிலுவை' என்று எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பின் வந்தவரிடம் அதுபற்றிச் சில கேள்விகள் எழுந்தன. பிறகு அது அடங்கிவிட்டது. யாருக்கும் தெரியாது.

தினமும் இரவில் அறிக்கையிட்டு அழுகிறேன். மன்னிப்புக் கிடைத்ததாக மனம் நம்பவில்லை. கர்த்தர் மன்னித்துவிட்டார் என்றால் இந்தப் பாரம் ஏன்? என்னைப்போன்றவனுக்கு இனி ஊழியம் என்று ஒன்று உண்டா?

கிருபையே_போதும் | 10 மார்ச், காலை 5.50

அன்பான சகோதரரே, காலை ஜெபத்தில் உங்களை நினைத்தேன். நம் பாவங்களை அறிக்கையிட்டால் அவர் உண்மையும் நீதியும் உள்ளவராக மன்னிக்கிறார் என்று 1 யோவான் 1:9 சொல்லுகிறது. மேற்குக்கும் கிழக்குக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் அவர் அதை விலக்கிவிட்டார். அவர் விலக்கியதை நீங்கள் ஏன் தினமும் போய் எடுத்து வருகிறீர்கள்? உங்களைக் குற்றம் சாட்டுகிறவன் பிசாசு. அடுத்த ஞாயிறு தைரியமாக எழுந்து போய் அப்பத்தை எடுங்கள்.

முத்துநகர் | 10 மார்ச், காலை 9.15

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடி. எங்களிடம் ஒப்புரவு அருட்சாதனம் என்று இருக்கிறது. என் பாட்டி பாவசங்கீர்த்தனம் என்பார். திருட்டை அறிக்கையிட்டால், 'எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாயா?' என்பதும் அங்கே வரும். பாவப் பொறுத்தல் இறைவனின் கொடை. ஆனால் பிறனுக்குச் செய்த சேதத்தைச் சரிசெய்வதும் பரிகாரத்தில் அடக்கம் என்பது திருச்சபையின் போதனை.

என் அப்பா மீன் வியாபாரி. ஒரு சிறு படகுக்காரரிடம் மீன் வாங்கும்போது பல மாதம் எடையைக் குறைத்துக் காட்டிப் பணம் கொடுத்திருக்கிறார். ஒரு தவக்காலத்தில் அறிக்கையிட்டுவிட்டு வந்து, பணத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்தப் படகுக்காரர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன், அப்போது எனக்கு ஒன்பது வயது. அவர் எண்ணிப் பார்க்கவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்பாவின் கை நடுங்கியதை அன்றுதான் முதல் முறை பார்த்தேன்.

கேட்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள்: பணம் திரும்பப் போய்விட்டதா?

மதுரைப்பக்கம் | 10 மார்ச், பகல் 1.30

திருப்பிக் கொடுப்பது சரி. ஆனால் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா? அவருக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். கிராமத்தில் ஒரு சொல் தலைமுறைக்கும் நிற்கும். 38,500-ஐ ஓர் உறையில் போட்டுக் காணிக்கைப் பெட்டியில் சேர்த்துவிட்டால் கணக்கு தீர்ந்தது. கர்த்தருக்குத் தெரியும், போதாதா?

சரித்திர_மாணவன் | 10 மார்ச், இரவு 8.05

இந்தக் கேள்வியால் திருச்சபையே ஒருமுறை இரண்டாகப் பிளந்தது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ், குடிகள் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டான். பலியிட்டவர்களுக்குச் சான்றிதழ் தரப்பட்டது. எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன: 'நான் எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்பாகப் பலியிட்டேன்' என்ற பாங்கில், கீழே சாட்சிக் கையெழுத்தோடு. கிறிஸ்தவர்களில் மிகப் பலர் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். துன்புறுத்தல் ஓய்ந்ததும் அவர்கள் அழுதுகொண்டு சபையின் வாசலுக்கு வந்தார்கள்.

என்ன செய்வது? ரோமில் நோவாத்தியன் என்ற மூப்பர், சபை அவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று தனியே பிரிந்து போனார். மறுபக்கம், எந்த மனஸ்தாப காலமும் இல்லாமல் உடனே அப்பத்தைக் கொடுத்துவிடலாம் என்றவர்களும் இருந்தார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்பிரியான் இரண்டையும் ஏற்கவில்லை. 251-இல் கூடிய ஆயர் மன்றம் ஒவ்வொருவரின் காரியத்தையும் தனித்தனியே விசாரிக்கச் சொன்னது. சில வருடங்களில், மறுபடியும் துன்புறுத்தல் வரும்போல் தோன்றியபோது, மனம்வருந்தி நின்ற எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். போர்க்களத்துக்குப் போகிறவர்களை வெறுங்கையாக அனுப்பலாமா என்பது சிப்பிரியானின் வாதம்.

இந்தச் சிப்பிரியானே டேசியஸின் காலத்தில் ஊரைவிட்டு ஒளிந்திருந்தவர். அதற்காக அவரைப் பலர் ஏசினார்கள். 257-இல் அடுத்த துன்புறுத்தல் வந்தபோது அவர் ஓடவில்லை. 258-இல் வாளுக்குத் தலை கொடுத்தார்.

கிருபையே_போதும் அண்ணன் சொல்வதுபோல் உடனே அப்பத்தை எடு என்பதும், உனக்கு இனி இடமில்லை என்பதும் அன்றே கேட்ட குரல்கள். சபை நடந்தது நடுவழியில். அது நீளமான வழி, ஆனாலும் வாசலில் போய் முடிகிற வழி.

செவிலி_அக்கா | 10 மார்ச், இரவு 10.20

தம்பி, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். எல்லோரும் உங்களைப்பற்றியே பேசுகிறார்கள். நீங்களும் உங்களைப்பற்றியே எழுதியிருக்கிறீர்கள்.

'எனக்குப் பின் வந்தவரிடம் அதுபற்றிச் சில கேள்விகள் எழுந்தன. பிறகு அது அடங்கிவிட்டது.'

அந்தப் பிள்ளை என்ன ஆனான்?

கடைசி_வரிசை | 12 மார்ச், இரவு 12.55

நேற்று முழுவதும் இந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அக்கா கேட்டதற்குப் பதில் எழுதாமல் தூங்கவும் முடியவில்லை.

அவனுக்கு அப்போது 23 வயது. நான் ஞாயிறு பள்ளியில் வேதவசனம் சொல்லிக்கொடுத்து வளர்ந்த பையன். நான் கொடுத்த நிலுவைப் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். 'எப்போதோ சங்கத்தில் கொடுத்துவிட்டோமே' என்றார்கள். யாரிடமும் ரசீது பத்திரமாக இல்லை. யாரிடம் கொடுத்தோம் என்பதும் சிலருக்குச் சரியாக நினைவில்லை. கமிட்டியில் அவனை நிறுத்திக் கேட்டார்கள். அந்த மாதம்தான் அவன் ஒரு பழைய பைக் வாங்கியிருந்தான். வேலையில்லாத பையனுக்குப் பைக் ஏது என்றார் ஒருவர்.

நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். உபதேசியார் மகன், பதினொரு வருட ஆசிரியன். என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. 'சின்னப் பையன், விட்டுவிடுங்கள்' என்று நான் சொன்னேன். இரக்கமுள்ளவன்போல் சொன்னேன். அவன் என்னை நன்றியோடு பார்த்தான்.

பொறுப்பிலிருந்து அவனை நீக்கித் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். அவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவன் தாயார் கொஞ்ச நாளில் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

நான் தூங்காத இரவுகளில் அழுதது 38,500 ரூபாய்க்காக என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிருபையே_போதும் | 12 மார்ச், காலை 6.10

சகோதரரே, வேதனையாக இருக்கிறது. ஆனாலும் தாவீது ராஜா எவ்வளவு பெரிய பாதகம் செய்தான்! தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனையும் போரில் சாகவைத்தான். அவனே 51-ஆம் சங்கீதத்தில் 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து' என்றுதான் ஜெபிக்கிறான். பாவம் முடிவாகத் தேவனுக்கு விரோதமானது. மன்னிக்கிறவரும் அவர் ஒருவரே. மனிதரிடம் போய் நின்றுதான் மன்னிப்புப் பெற வேண்டும் என்று நாம் இவர்மேல் புதிய நுகத்தை வைக்கக் கூடாது.

செவிலி_அக்கா | 12 மார்ச், காலை 7.40

ஐயா, அந்தச் சங்கீதத்தைத் தாவீது பாடியபோது உரியா கல்லறையில் இருந்தான். அவன் போய் நிற்க உரியாவுக்கு வாசல் இல்லை. தாவீது மன்னிக்கப்பட்டான், ராஜாவாகவே இருந்தான், எல்லாம் உண்மை. ஆனாலும் மத்தேயு முதல் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆண்டவருடைய வம்ச வரலாற்றிலேயே 'உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்' என்று எழுதியிருக்கிறது. பத்சேபாள் என்று ஒரு பெயரோடு முடித்திருக்கலாம். ஆவியானவர் உரியாவின் பெயரை அழியவிடவில்லை.

இந்தத் தம்பியின் உரியா உயிரோடு இருக்கிறான். திருப்பூருக்கு பஸ் இருக்கிறது.

நான் முப்பது வருடம் வார்டில் வேலை பார்த்தவள். ஒருமுறை மருந்தின் அளவை நான் தவறாக எழுதிவிட்டு, என் ஜூனியர் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். அந்த ஓர் இரவைத்தான் நான் தாங்கினேன். நீங்கள் மூன்று வருடம் தாங்கியிருக்கிறீர்கள். அதனால்தான் கொஞ்சம் கடுமையாகக் கேட்டேன் தம்பி.

கிருபையே_போதும் | 12 மார்ச், காலை 8.25

உரியாவின் பெயரை நான் அப்படி யோசித்ததில்லை. அக்கா சொல்வதை ஏற்கிறேன். பலிபீடத்தில் காணிக்கையை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு அப்பத்தை எடுங்கள் என்று அவசரப்பட்டு எழுதியதற்கு மன்னியுங்கள் சகோதரரே.

மதுரைப்பக்கம் | 12 மார்ச், காலை 11.00

உறையில் போடச் சொன்னதை நானும் திரும்பப் பெறுகிறேன். வேறொருவன் தலையில் பழி இருக்கும்போது உறை போதாது.

ஓய்வுபெற்ற_உபதேசியார் | 13 மார்ச், அதிகாலை 4.30

எனக்கு வயது 74. பேரன் இந்தத் தளத்தைக் காட்டிக்கொடுத்தான். மெதுவாகத்தான் எழுத முடியும்.

தம்பி, யோவான் சுவிசேஷத்தில் இரண்டு இடத்தில் கரிநெருப்பு வருகிறது. 18-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில். ஆண்டவர் பிடிபட்ட இரவில், நீயும் அவருடைய சீஷனா என்று கேட்டபோது, பேதுரு அங்கே குளிர்காய்ந்துகொண்டுதான் 'நான் அல்ல' என்றான். 21-இல் திபேரியாக் கடற்கரையில். உயிர்த்தெழுந்த ஆண்டவர் அதே கரிநெருப்பைப் போட்டு அதன்மேல் மீனை வைத்திருக்கிறார். மூலத்திலும் ஒரே சொல்தான். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அந்தச் சொல் வருவதில்லை என்று எனக்கு வேதபாடம் கற்பித்த குருவானவர் காட்டினார். மறுதலித்த இடத்தின் வாடை பேதுருவின் மூக்கில் மறுபடியும் ஏறியிருக்கும். மூன்று தரம் மறுதலித்தவனிடம் மூன்று தரம் கேட்டார். மூன்றாந்தரம் 'நீ என்னை நேசிக்கிறாயா' என்றபோது அவன் துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. நடந்ததை அவர் ஒருநாளும் நடக்காததுபோல் மூடவில்லை. அந்தத் துக்கத்தின் ஊடேதான் 'என் ஆடுகளை மேய்ப்பாயாக' என்றார்.

இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த சீஷன் யூதாஸைப்பற்றி.

யூதாஸும் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். 'குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்' என்று வாய்விட்டு அறிக்கையிட்டான். மத்தேயு 27. அதற்கு ஆசாரியரும் மூப்பரும் சொன்ன பதில்: 'எங்களுக்கென்ன, அது உன்பாடு.' அவன் காசை எறிந்துவிட்டுத் தனியே போனான். பிறகு தூக்கிட்டுக்கொண்டு செத்தான்.

பேதுரு தனியே போகவில்லை. 'மீன்பிடிக்கப்போகிறேன்' என்றான்; மற்றவர்கள் 'நாங்களும் உம்முடனேகூட வருகிறோம்' என்றார்கள். அவன் மறுதலித்ததை அறிந்தவர்கள்தான் அவனோடு படகில் ஏறினார்கள். ராமுழுதும் ஒரு மீனும் அகப்படாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். விடியும்போது ஆண்டவர் கரையில் நின்றார். அந்தப் படகு இல்லாவிட்டால் பேதுரு அந்தக் கரைக்கு எப்படி வந்து சேர்ந்திருப்பான் என்று நான் யோசிப்பதுண்டு.

இதை நான் ஏன் இவ்வளவு யோசித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 1987-இல் நான் ஒரு சிறு சபையில் இருந்தபோது, ஒரு மனிதன் இரவில் வந்து என் வாசலில் நின்றான். குடும்பத்துக்குத் துரோகம் செய்திருந்தான். பக்கத்தில் வந்தபோது சாராய வாடை அடித்தது. 'ஐயா, நான் என்ன செய்ய?' என்றான். நான் களைத்திருந்தேன், கோபமாகவும் இருந்தேன். 'செய்யும்போது தெரியவில்லையா? நீயே ஆண்டவரிடம் சொல்லிக்கொள்' என்று கதவைச் சாத்தினேன். விடியுமுன் அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். உயிரோடு இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது. 'அது உன்பாடு' என்பதைத்தான் நான் வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறேன். 38 வருடமாக அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன்.

எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தில், பிறனுக்குக் குற்றம் செய்தவன் பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிச் செலுத்த வேண்டும் என்றிருக்கிறது. 38,500-க்கு ஐந்தில் ஒரு பங்கு 7,700. மொத்தம் 46,200. இது இரட்சிப்பை வாங்கும் விலை அல்ல. அதை ஆண்டவர் கொடுத்துவிட்டார். இது அந்தப் பையன் முகத்தைப் பார்க்க உமக்கு ஒரு வழி.

தனியே போக வேண்டாம். நானும் திருநெல்வேலிப் பக்கம்தான். திருப்பூருக்கு எப்போது போகிறீர் என்று தனிச்செய்தியில் எழுதும். நானும் உம்முடனேகூட வருகிறேன்.

சரித்திர_மாணவன் | 13 மார்ச், காலை 9.50

ஐயா எழுதியதற்குப் பிறகு நான் சேர்க்க அதிகம் இல்லை. கொரிந்து சபையில் ஒருவனைக் கடுமையாகத் தண்டிக்கச் சொன்ன பவுல், இரண்டாம் நிருபத்தில், தண்டனை பெற்ற ஒருவன் 'அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு' மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்று எழுதுகிறார். இருவரும் ஒரே ஆளா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அமிழ்ந்துபோவான் என்று பவுல் பயந்தது மட்டும் தெளிவு.

பவுலோடு ஊழியப் பயணம் போன மாற்குவையும் நினைத்துப் பாருங்கள். பெர்கே பட்டணத்தில் பாதி வழியில் விட்டுப் போனவன் என்று பவுல் அவனைச் சேர்க்க மறுத்தார். அதன்பொருட்டு தன் உடன் ஊழியர் பர்னபாவைவிட்டுப் பிரிந்தே போனார். பர்னபா அவனை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். கடைசி நிருபத்தில் அதே பவுல், மாற்குவைக் கூட்டி வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இடையில் ஒரு பர்னபா தேவைப்பட்டார்.

கடைசி_வரிசை | 30 மார்ச், இரவு 9.30

போய்விட்டு வந்தோம்.

முதலில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தாள். மகளின் கட்டணத்துக்கு அன்றே இதைக் கேட்டிருக்கலாமே என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உபதேசியார் ஐயா சொன்னபடியே பேருந்து நிலையத்தில் வந்து நின்றார். கையில் குடையும் ஒரு மஞ்சள் பையும். வழியெல்லாம் அதிகம் பேசவில்லை. மதுரை தாண்டியதும் பையிலிருந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை எடுத்துப் பாதியைத் தந்தார்.

பழி சுமந்த அந்தத் தம்பியை அவன் கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் பார்த்தோம். ஷிப்டு முடிந்து வந்தான். சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து 'அண்ணே' என்றான். அந்த ஒரு சொல்லில் திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது. ஐயா என் முதுகில் கை வைத்தார்.

சொன்னேன். ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். 'விட்டுவிடுங்கள்' என்று கூட்டத்தில் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. கடைசியில் கேட்டான்: 'என் அம்மா ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டது உங்களுக்குத் தெரியுமா அண்ணே?'

தெரியும் என்றேன்.

'தெரிந்தும் இருந்தீர்கள்' என்றான்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. 'தீர்மானப் புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு எழுந்தான். போகும்போது மூன்று டீக்கும் அவனே காசு கொடுத்துவிட்டுப் போனான்.

செவிலி_அக்கா | 30 மார்ச், இரவு 10.05

தம்பி, அவன் இப்போதே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தக் காலம் அவனுடையது. அவன் கேட்ட ஒன்றைச் செய்துமுடியுங்கள். உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

கடைசி_வரிசை | 21 ஏப்ரல், இரவு 8.40

குருவானவரிடம் சொன்னேன். அவர் கமிட்டியைக் கூட்டினார். கடிந்து பேசினவர்கள் உண்டு. ஒருவர் என் தகப்பனார் பெயரைச் சொல்லி அழுதார். 46,200-ஐ மேசையில் வைத்தேன். சபையில் இனி எந்தப் பொறுப்பும் எனக்குக் கிடையாது என்று தீர்மானித்தார்கள். நான் மறுக்கவில்லை. அதே புத்தகத்தில், பழைய தீர்மானத்துக்கு எதிரே சிவப்பு மையில் குறிப்பு எழுதி, புதிய பக்கத்தில் தம்பியின்மேல் குற்றம் இல்லை என்றும், சபை அவனிடமும் அவன் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்கிறது என்றும் எழுதினார்கள். 6-ஆம் தேதி ஞாயிறு, அறிவிப்புகளுக்கு நடுவே குருவானவர் அதை வாசித்தார். நான் எழுந்து நின்றேன். ஆலயத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

மறுவாரம் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. மகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் சோறு வைக்கும்போது ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள்.

நேற்று உயிர்த்தெழுதல் பண்டிகை. அதிகாலை ஆராதனைக்குத் தம்பியின் தாயார் வந்தார். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், தன் பழைய இடத்தில், உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை. திருவிருந்துக்கு அழைத்தபோது நான் எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன். குருவானவர் பீடத்திலிருந்தே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். போய் முழங்காற்படியிட்டேன். அப்பம் கையில் வைக்கப்பட்டபோது நான் ஒன்றும் பெரிதாக உணரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். பசித்தவன் சாப்பிட்டதுபோல் இருந்தது.

எங்கள் கோயில்பிள்ளைக்கு மூட்டுவலி. ஆலயத்தைக் கூட்டுவதும் அதிகாலை மணி அடிப்பதும் அவருக்கு முடியவில்லை. நான் செய்யட்டுமா என்று கேட்டேன். பொறுப்பு என்று எழுதாமல் செய்வதானால் செய் என்றார்கள். இன்று காலை நாலரைக்கு அடித்தேன்.

ஓய்வுபெற்ற_உபதேசியார் | 22 ஏப்ரல், அதிகாலை 4.45

காற்று இந்தப் பக்கமாக வீசினால் உம்முடைய மணி எங்கள் ஊருக்குக் கேட்கும் தம்பி.

புதியவன்_07 | 24 ஏப்ரல், இரவு 1.10

மன்னிக்கவும், இழையைத் தொடரலாமா என்று தெரியவில்லை. நான் ஒரு சுயாதீனச் சபையில் பாட்டுக்குழுவில் இருந்தவன். என்ன செய்தேன் என்று இங்கே எழுத முடியாது. பணம் அல்ல, அதைவிட மோசம். பாஸ்டரிடம் சொல்ல இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். ஊர் கோவில்பட்டி. என்னைப்போன்றவனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கடைசி_வரிசை | 24 ஏப்ரல், அதிகாலை 4.20

தம்பி, தனிச்செய்தியில் உங்கள் எண்ணை அனுப்புங்கள். ஞாயிறு எனக்கு மணி அடிக்கிற வேலை இருக்கிறது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினால் எட்டு மணிக்குள் கோவில்பட்டி வந்துவிடுவேன். பேருந்து நிலையத்தில் நில்லுங்கள். பாஸ்டர் வீட்டு வாசல்வரை நானும் வருகிறேன். உள்ளேயும் வரச் சொன்னால் வருகிறேன்.